வந்த காரணம்

வானவடி, புணே
14 செப்டம்பர் 2025

அன்புள்ள சேஷு,

நலமா என்று கேட்டுத் தொடங்கலாம்தான். ஆனால் அதையே உன் டாக்டர் தினமும் கேட்கிறார், நீயும் தினமும் "ம்" என்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஆகவே கேட்கவில்லை.

போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் உன்னைப் பார்க்க வந்தோம். இரண்டு தடவையும் நீ வெளியே வரவில்லை. ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, அந்த இல்லத்தின் வரவேற்பறையில் மீன்தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அத்திம்பேர் மீன்களுக்குப் பேர் வைத்துவிட்டார். "அவர் போனைத் தொடுவதில்லை, கடிதம் என்றால் படிப்பார்" என்று அங்கே இருக்கும் ஆலோசகர் சொன்னதால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா நம்மை உட்கார வைத்துத் தமிழ் எழுதச் சொல்லி உயிரை வாங்கினாரே, அது இப்போது உதவுகிறது.

பையில் நான்கு பனியன், இரண்டு அரைக்கைச் சட்டை, மிளகாய்ப்பொடி இருக்கிறது. எண்ணெய் பாட்டிலை உள்ளே விடமாட்டார்களாம். தயிரில் குழைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். விஷ்ராந்த்வாடியில் ஒரு அறக்கட்டளை நடத்தும் ஃபிளாட்டில் ஓர் இடம் காலியாகிறது. உன்னைப்போல் தேறி வருகிற நான்கு பேர் சேர்ந்து இருப்பார்கள், சமைத்துக்கொள்வார்கள், முடிந்தவர்கள் வேலைக்குப் போவார்கள். தீபாவளி வரை உனக்காக வைத்திருப்பதாக டாக்டர் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. அந்த நடமாடும் மனநலக் குழு வாரம் ஒரு முறை உன்னை வந்து பார்க்க நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். முடியாமல் போகிற நேரத்தில் கூப்பிட்டால் வருகிறவர்களும் அவர்கள்தான். அந்தப் பேரைக் கேட்டதும் நீ எழுந்து போய்விட்டாயாம். கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்தது நீண்டகால வார்டு. அங்கே போனவர்கள் திரும்புவது அபூர்வம் என்று டாக்டரே சொன்னார்.

ஜூலையில் அவர்கள் வராமல் போனது போனதுதான். மழையோ, டிராஃபிக்கோ, என்ன ஆயிற்றோ. அதையே மனசில் வைத்துக்கொண்டிருக்காதே. கையெழுத்துப் போட்டுவிடு.

அக்கா
ருக்மிணி


22 செப்டம்பர் 2025

அக்கா,

பொடி கிடைத்தது. என் அறையில் மூன்று பேர். இரண்டே நாளில் தீர்ந்தது. அதில் ஒருவர் நாக்பூர்க்காரர், அதை டீயில் போட்டுப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் ஒரே மாத்திரைதான்.

உன்னைப் பார்க்காததற்குக் கோபம் காரணமில்லை. போலீஸ் ஸ்டேஷனில் என் கையைத் துண்டால் கட்டி பெஞ்சில் உட்கார வைத்திருந்தபோது நீ உள்ளே வந்தாய். நீ என்னைப் பார்த்த முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்னைப் பார்த்தால் அந்த முகத்தையும் பார்க்க வேண்டும். கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

குழுவைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஜூலை எட்டாம் தேதி நடந்ததை நீ என் பக்கத்திலிருந்து கேட்டதில்லை. சொல்கிறேன்.

மூன்று நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் என் பழைய ஆபீஸ்காரர்கள் மீட்டிங் நடத்திக்கொண்டிருந்தார்கள். அஜெண்டா நான்தான். "உனக்கென்று யாரும் வரமாட்டார்கள்" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது, அது என் தப்பு. ஆனால் அன்றைக்கு நான் ஒரு நல்ல காரியம் செய்தேன் அக்கா. கிளினிக் அட்டையின் பின்னால் டாக்டர் எழுதித் தந்திருந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நானே.

தீப்தி என்று ஒரு பெண் பேசினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். "நானும் பத்ரிநாத் என்று ஒருவரும் வருகிறோம். போலீஸ் இல்லை, யூனிஃபார்ம் இல்லை. நாற்பது நிமிஷம், வீட்டிலேயே இருங்கள்" என்றாள். போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். இல்லாவிட்டால் மீட்டிங்காரர்கள் அதிலும் நுழைந்துவிடுவார்கள்.

பிறகு முகம் மழித்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். இரண்டு நாற்காலியைத் துடைத்து வைத்தேன். தட்டில் ஆறு பிஸ்கெட் அடுக்கினேன். உன் வீட்டுக்கு என்னைப் பார்க்க என்று வரும் முதல் விருந்தாளிகள் இல்லையா. என் ஜன்னலில் பின்பக்கத் தோட்டம்தான் தெரியும், கேட் தெரியாது. அதனால் லிஃப்ட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் அது வேறு மாடியில் நின்றது.

அவர்களைத் தேடித்தான் கீழே போனேன். மழையில் செருப்பில்லாமல், பார்க்கிங்கில் ஒவ்வொரு காராகத் தட்டி "நீங்கள்தானா?" என்று கேட்டேன். யாரோ பயந்து போலீஸைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு உனக்குத் தெரியும்.

யாரும் வரமாட்டார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். யாரும் வரவில்லை. இனி அந்தச் சுவர் எதைச் சொன்னாலும் நான் எதை வைத்து மறுப்பேன்? அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை.

சேஷு


வானவடி
1 அக்டோபர் 2025

சேஷு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது. கோபத்தில்தான் எழுதுகிறேன், கிழித்துப் போடாமல் படி.

அன்றைக்கு உனக்கு மட்டும்தான் நடந்ததா? பன்னிரண்டு வருஷமாக எந்தக் கல்யாணத்திலாவது நான் பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறேனா? தாலி கட்டினதும் ஆட்டோ பிடித்து ஓடி வருவேன். அத்திம்பேர் ராணுவ எஞ்சினியரிங்கில் இருந்து ஓய்வு பெற்றதும் தஞ்சாவூர்ப் பக்கம் போகலாம் என்றார். உன் டாக்டர் இங்கே இருக்கிறார் என்று நான்தான் வேண்டாம் என்றேன். நம் அடுக்குமாடிச் சொசைட்டியில் கேட்டவர்களிடமெல்லாம், என் தம்பி அமெரிக்கக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறான், அதனால்தான் அவன் அறையில் விடிய விடிய விளக்கு எரிகிறது என்று சொல்லிச் சொல்லி, உனக்குப் பதவி உயர்வுகூடக் கொடுத்தாகிவிட்டது. பொய் சொல்வதற்கும் தெம்பு வேண்டும் சேஷு.

அந்தத் தட்டைக் கழுவியது நான்தான். ஆறு பிஸ்கெட்டும் அப்படியே இருந்தன. மழைக் காற்றில் நமுத்துப் போயிருந்தன. அது யாருக்காக என்று எனக்கு அப்போதே தெரியும். நீ அதை எழுதியிருக்க வேண்டாம்.

குழுவில் விசாரித்தேன். கேட்டில் ஏதோ குழப்பம் என்கிறார்கள். ஏதோ சின்ன விஷயம். அதற்காக ஒருவன் வாழ்நாள் முழுக்க வார்டில் கிடப்பானா? தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. போட்டுவிடு.

இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது. அத்திம்பேர் கூப்பிடுகிறார்.

ருக்மிணி


7 அக்டோபர் 2025

அக்கா,

நீ சலித்துக்கொண்டது நியாயம். பந்தியில் பாதியில் எழுந்ததெல்லாம் எனக்குத் தெரியும். நீ கொண்டுவரும் தாம்பூலப் பையில் எப்போதும் ஒரு லட்டுகூடக் குறையாமல் இருக்கும். உன் பங்கையும் எனக்கு வைத்திருப்பாய். பதவி உயர்வுக்கு நன்றி. என்ன பதவி என்று சொல்லியிருந்தால் அதற்கேற்ப நடந்துகொண்டிருப்பேன்.

கேட்டில் குழப்பம் என்றால் என்ன அர்த்தம்? நாற்பது நிமிஷம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் ஒரு கேட்டைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டார்கள் என்றால், தாண்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை என்று அர்த்தம். ஒரு பைத்தியக்காரன்தானே என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது.

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கட்டும். நீண்டகால வார்டுக்கு என் பேரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அங்கே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அது நிம்மதி.

நீ வருத்தப்படாதே. அன்றைக்கு யார் வந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நீதான் வந்தாய். நனைந்த சேலையோடு ஸ்டேஷனுக்குள் வந்து, "மொதல்ல கைய அவுருங்கோ" என்று தமிழிலேயே அந்த மராட்டிப் போலீஸ்காரரிடம் கத்தினாய். அவரும் அவிழ்த்துவிட்டார். எனக்கென்று வருகிறவள் இந்த உலகத்தில் நீ ஒருத்தி. உன் ஒருத்தியை நம்பினால் போதும் எனக்கு.

அடுத்த ஞாயிறு வேண்டுமானால் வா. பார்க்கிறேன்.

சேஷு


வானவடி
12 அக்டோபர் 2025

சேஷு,

அவர்கள் வந்தார்கள்.

முதலில் அதை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பனியனில் போய் முடிந்துவிடும். இன்றைக்கு ஞாயிறு, நீ வரச் சொன்ன நாள். வரவில்லை. இதைச் சொல்லாமல் உன் எதிரே உட்கார என்னால் முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சி விங்கில் ஒரு சைக்கிள் காணாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? அப்போது கமிட்டியில் ஒரு விதி கொண்டுவந்தோம். தினமும் யார் யார் வந்தார்கள், எந்த வீட்டுக்கு, என்ன காரணம் என்ற பட்டியல் முழுவதும் சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்று. கொண்டுவந்தோம் என்ன, கொண்டுவந்தது நான்தான். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து பெருமை அடித்துக்கொண்டேன்.

எட்டாம் தேதி மூன்றேகாலுக்கு என் போனில் கேட் ஆப் அடித்தது. இரண்டு பேர், தீப்தி, பத்ரிநாத். எங்கிருந்து என்ற இடத்தில் வாட்ச்மேன் அவர்கள் அட்டையைப் பார்த்து எழுதியிருந்தார், மென்டல் ஹெல்த் என்று. யாரைப் பார்க்க என்ற இடத்தில் உன் பேர். கீழே உள்ளே விடப் பச்சையில் ஒரு பொத்தான், திருப்பி அனுப்பச் சிவப்பில் ஒரு பொத்தான். நூற்று நாற்பது வீடு சேஷு. பச்சையை அழுத்தினால் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நூற்று நாற்பது வீட்டிலும் அந்த வரியைப் படிப்பார்கள். நான் வருஷக்கணக்காகச் சொன்ன அமெரிக்கக் கம்பெனி ஒரு வரியில் போய்விடும். சிவப்பை அழுத்தினேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார். ஏஜென்சியிலிருந்து புதிதாக வந்தவர், உன்னைப் பார்த்ததில்லை. "சேஷு சாஹேப் என்று சொல்கிறார்கள் மேடம், அவரே போன் செய்தாராம்" என்றார். அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை என்றேன். நீ பத்தடி தூரத்தில் கதவுக்குப் பின்னால் இருந்தாய். இஸ்திரி போடும் வாசனை கூடம் வரைக்கும் வந்தது.

சாயங்காலம் அத்திம்பேர் வந்ததும் காரில் வைத்து உன்னை ஓசைப்படாமல் டாக்டரிடம் கூட்டிப்போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மணி நேரம்தானே என்று நினைத்தேன். நீ கீழே போனது எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் போலீஸ் வேன் கிளம்பிவிட்டது. அன்றைக்கு ராத்திரி சொசைட்டி குழுவில் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் எழுதினார்கள். எதை மறைக்க நினைத்தேனோ அதை வீடியோவாகவே போட்டார்கள்.

வாட்ச்மேன் பிறகு சொன்னார், அவர்கள் இருபது நிமிஷம் மழையில் கேட்டில் நின்றார்களாம். இன்டர்காமில் மற்ற விங்குகளிலும் உன் பேரைச் சொல்லி விசாரித்தார்களாம். உன் போனை ஒரு வாரம் கழித்து சார்ஜ் போட்டேன். ஒன்பது தடவை கூப்பிட்டதாகச் செய்தி வந்திருந்தது. அதை அழித்தேன். அழித்துவிட்டுத்தான், அவர்கள் வரவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். "கேட்டில் குழப்பம்" என்று எழுதினேனே, நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. அந்தக் குழப்பம் நான்தான்.

நேற்று டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்திம்பேரிடமும் சொன்னேன். அவர் இன்னும் என்னிடம் பேசவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் மறுபடி ஏதாவது சொன்னால், வந்தார்கள் என்று சொல். உன் போனில் நீ கூப்பிட்ட நேரத்தைப் பார்த்தேன், நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை, முப்பத்தைந்தாவது நிமிஷத்திலேயே வந்துவிட்டார்கள். நீ கூப்பிட்டது சரி. அவர்களை நம்பினதும் சரி. என்னை நம்புகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை வேண்டுமானால் எடுத்துக்கொள். கையெழுத்தை மட்டும் போட்டுவிடு.

ருக்மிணி


விஷ்ராந்த்வாடி
2 நவம்பர் 2025

அக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். வந்தார்களாம், வந்தார்களாம் என்று நாக்பூர்க்காரரிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் யார் என்றுகூடக் கேட்கவில்லை, கூடச் சேர்ந்து சந்தோஷப்பட்டார். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் நீ செய்தது உறைத்தது.

கையெழுத்துப் போட்டேன். தீபாவளி முடிந்த வாரத்தில் இங்கே வந்தேன். நான்கு பேர் இருக்கிறோம். சாம்பார் வைப்பது என் பொறுப்பு. இவர்களுக்குப் புளிப்பு ஆகாது, வெல்லம் போடச் சொல்கிறார்கள். பொறுத்துக்கொள்கிறேன்.

தீப்தி வியாழக்கிழமை வருகிறாள். நான் நினைத்ததைவிட வயதானவள், முழங்கால் வலியோடு படியேறுகிறாள். அன்றைக்கு நடந்ததைக் கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. உன் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். எங்களைத் திருப்பி அனுப்பாத வாரம் கிடையாது என்றாள். கதவுக்குப் பின்னால் ஆள் இருப்பது தெரியும், இல்லை என்பார்கள், உள்ளே விடாத வீட்டுக்குள் நாங்கள் எப்படிப் போவது என்றாள். இவ்வளவு பெரிய ஊருக்கு இரண்டு வேன்தான் இருக்கிறது, கோபப்பட நேரமில்லை என்றாள்.

எனக்கு நேரம் இருக்கிறது. கோபப்படுகிறேன்.

சிவப்புப் பொத்தானை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். விரல் ஒரு நொடியில் செய்கிற காரியம் அது. ஆனால் அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கிறாய். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூட என்னைத் திட்டினார்களே தவிர இல்லை என்று சொன்னதில்லை. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ எனக்காக எத்தனை பந்தியில் பாதியில் எழுந்தாய் என்பதையும் சேர்த்துத்தான் நினைக்கிறேன். இரண்டும் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ள மாட்டேன் என்கின்றன.

இந்தக் கட்டிடத்தில் ஆப் கிடையாது. கேட்டில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பேர், யாரைப் பார்க்க, வந்த காரணம். எல்லோரும் கடைசிக் கட்டத்தில் பர்சனல் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். முதல் நாள் தீப்தியும் எனக்காக அப்படித்தான் எழுதப் போனாள். நான் நோட்டை வாங்கி, மனநலக் குழு, சேஷுவைப் பார்க்க என்று மராட்டியில் எழுதினேன். வாட்ச்மேன் படித்தார். கொஞ்ச நேரம் கழித்து, தன் மச்சான் ஒருவன் இருக்கிறான், இவர்கள் அவனுக்கும் வருவார்களா என்று தணிந்த குரலில் கேட்டார்.

இப்போது வராதே. என்றைக்காவது வந்தால், பர்சனல் என்று எழுதாதே.

சேஷு


வானவடி
24 நவம்பர் 2025

சேஷு,

வராதே என்று எழுதியிருந்தாய். மூன்று வாரம் பொறுத்தேன், நேற்று வந்துவிட்டேன். வாட்ச்மேன் உன்னிடம் வந்து சொன்னது என்னைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் சொசைட்டிப் பொதுக்கூட்டத்தில் பட்டியல் போடும் விதியை எடுத்துவிடச் சொன்னேன். நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள், இப்போது ஏன் என்று கேட்டார்கள். காரணத்தைச் சொன்னேன், உன் வியாதியின் பேரோடு, நான் செய்ததோடு. விதியை எடுத்துவிட்டார்கள். லிஃப்டில் என்னைப் பார்த்ததும் சிலர் போனை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். இத்தனை வருஷம் இதற்குத்தான் பயந்தேன் என்று நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது. உன்னைக் கேட்காமல் உன் வியாதியைச் சபையில் சொல்லிவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

நேற்று அத்திம்பேர் கொண்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று பஸ்ஸில் வந்தேன். உங்கள் கேட்டில் அந்த நோட்டை வாங்கினேன். எனக்கு முன்னால் மூன்று வரி, மூன்றும் பர்சனல். கயிற்றில் கட்டியிருந்த பேனா எழுதவில்லை. என் பேனாவை எடுத்து எழுதினேன். பேர் ருக்மிணி. யாரைப் பார்க்க, சேஷு, என் தம்பி. வந்த காரணம் என்ற கட்டம் சின்னதாக இருந்தது. அடுத்த வரியையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். என் தம்பிக்கு மனநோய் இருக்கிறது, அவன் என் வீட்டில் இருந்தபோது இல்லை என்று சொல்லிவிட்டேன், இருக்கிறான் என்று சொல்ல வந்தேன். என் மராட்டியில் தப்பு இருக்கும்.

வாட்ச்மேன் அதை வாய்விட்டுப் படித்தார். எனக்குப் பின்னால் சிலிண்டர்காரரும் ஒரு குடும்பமும் நின்றார்கள். படித்து முடித்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போனார். திரும்பி வந்து, "ஆஜ் நகோ, தாயீ" என்றார். இன்றைக்கு வேண்டாம் அக்கா என்று.

எனக்குக் கோபம் வரவில்லை. நாற்காலி போட்டார், உட்காரவில்லை. தீப்திக்கும் பத்ரிநாத்துக்கும் அன்றைக்கு யாரும் நாற்காலி போடவில்லை. இருபது நிமிஷம் நின்றேன். அது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இரண்டாவது மாடிக் கொடியில் நான் அனுப்பின நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. நீ அதைப் போட்டுக்கொள்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

மிளகாய்ப்பொடி டப்பாவை வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறேன். எண்ணெயும் இருக்கிறது, அங்கே யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த எழுதாத பேனாவை எடுத்துவிட்டு என் பேனாவைக் கயிற்றில் கட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறும் அதில்தான் எழுதுவேன். வேண்டாம் என்று நீ சொன்னால் இருபது நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்புவேன்.

அக்கா